நோயாளியின் விசுவாசத்தை அளக்க வருகிறவர்களுக்கு

டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்த என் அக்காவின் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்று ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவர்களில் மூத்தவர் குனிந்து கேட்டார்: “சிஸ்டர், மனசுல ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களா? அறிக்கை பண்ணிட்டாப் போதும், கர்த்தர் கட்டை அவிழ்த்துடுவார்.” அக்கா பதில் சொல்லவில்லை. ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கிறவள். அன்று இரவு என்னிடம், “நான் என்னடா செஞ்சேன்?” என்று கேட்டாள். விடிய விடியத் தன் நாற்பது வருஷ வாழ்க்கையைக் கிளறி, அதற்குள் ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. உபவாசம் இருந்து, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். அவர்களை அப்படிக் கேட்கவைத்தது ஒரு போதனை. இன்று நம் சபைகளில் மேடையிலும், வீட்டு ஜெபக்கூட்டத்திலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அது நடமாடுகிறது. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடு அதற்கு இல்லை. அந்தப் போதனையைத்தான் நான் மறுக்கிறேன்.

அதை ஏற்கிறவர்கள் சொல்கிறபடியே முதலில் எடுத்துவைக்கிறேன். தேவன் நல்லவர், சர்வவல்லவர். தம் பிள்ளைகள் வாதைப்படுவதில் அவருக்குப் பிரியமில்லை. பாவத்தோடு நோயையும் சாபத்தையும் கிறிஸ்து சிலுவையில் சுமந்து தீர்த்துவிட்டார். அவர் பக்கத்தில் குறை இருக்க முடியாது என்பதால், துன்பம் நீங்காவிட்டால் தடை நம் பக்கத்தில்தான்: மறைந்திருக்கும் பாவம், முன்னோர் வழிச் சாபம், அல்லது விசுவாசக் குறைவு. இதற்கு வசன ஆதாரமும் காட்டுகிறார்கள். உபாகமம் 28இல் கீழ்ப்படிகிறவனுக்கு ஆசீர்வாதமும் மீறுகிறவனுக்குச் சாபமும் வரிசையாக இருக்கின்றன. யாக்கோபு 5இல் விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை மீட்கும் என்ற வாக்கு இருக்கிறது. நாசரேத்தூரில் ஜனங்களின் அவிசுவாசத்தால் இயேசு பெரிதாக ஒன்றும் செய்யாமல் போனார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். பெதஸ்தா குளத்தருகே குணமானவனிடம், இனிப் பாவம் செய்யாதே என்று இயேசுவே எச்சரித்தார்.

இந்தப் போதனையின் பலத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் தலைவிதி என்று மூலையில் முடங்கியவனை அது எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. அதைக் கேட்டுக் குடியை விட்டவர்களை எனக்கே தெரியும். ஆனாலும் அது தவறு.

1. அவர்கள் காட்டும் வசனங்களிலேயே பாரம் நோயாளியின் தலையில் இல்லை.

யாக்கோபு 5ஐ நிதானமாக வாசியுங்கள். வியாதிப்பட்டவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சபையின் மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் மூப்பர்களின் வேலை. விசுவாசமுள்ள ஜெபம் என்று அங்கே சொல்லப்படுவது அவர்களுடைய ஜெபம். சுகம் வராததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று இந்த வசனத்தை வைத்து வாதாடினால், குற்றம் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்மேல் விழவேண்டும், கட்டிலில் கிடப்பவள்மேல் அல்ல. மூப்பர்கள்மேலும் அதைப் போட நான் வரவில்லை. வசனம் எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கடுகுவிதை அளவு விசுவாசம் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! மத்தேயு 17இல் அந்தப் பேச்சு யாரிடம் நடக்கிறது? வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையனிடம் அல்ல. அவனுடைய தகப்பனிடமும் அல்ல. அவனைக் குணமாக்க முயன்று முடியாமல் போன சீஷர்களிடம். அதே சம்பவத்தை மாற்கு எழுதும்போது, தகப்பன் தன் அவிசுவாசத்தை இயேசுவின் முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டு உதவி கேட்கிறான். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக நின்ற அந்த மனிதனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான்.

நாசரேத்தூர் மறுத்தது இயேசுவை. ‘இவன் நம் ஊர்த் தச்சன்தானே’ என்று இடறிய ஊர் அது. நோயில் கிடந்து அவரை நோக்கிக் கதறியவர்களை அந்த ஊரோடு எப்படிச் சேர்ப்பது? அங்கேயும் சில நோயாளிகள்மேல் அவர் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே இடத்தில் இருக்கிறது. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனோ, தன்னைக் குணமாக்கியவர் யார் என்றுகூடத் தெரியாமல் எழுந்து நடந்தான். யோவான் 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது. பெயரே தெரியாதவர்மேல் அவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்திருக்கும்? நாயீன் ஊர் விதவையிடம் இயேசு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அழுதாள், அவர் மனதுருகினார், அவ்வளவுதான்.

2. பாவம் துன்பத்தைக் கொண்டுவரும் என்பதாலேயே துன்பமெல்லாம் பாவத்தின் அடையாளம் ஆகிவிடாது.

மழை பெய்தால் தெரு நனையும். நனைந்த தெருவைப் பார்த்து மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம். குடித்தவனின் ஈரல் கெடுகிறது, உண்மைதான். ஈரல் கெட்டவர்கள் எல்லாரும் குடித்தவர்களா? மஞ்சள்காமாலைக் கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உபாகமத்தின் வாக்கு ஒரு ஜனம் முழுவதோடும் செய்த உடன்படிக்கை. அதை ஒரு தனி மனுஷியின் சிறுநீரகத்துக்குள் தேடுவது வசனத்தை முறிப்பதாகும்.

இந்தத் திருப்பிப்போட்ட கணக்கை உடைக்கவே வேதத்தில் ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. யோபு உத்தமன் என்பது முதல் வசனத்திலேயே வாசகனுக்குத் தெரியும்; எலிப்பாசுக்கும் பில்தாதுக்கும் சோப்பாருக்கும் தெரியாது. அவர்கள் பேசியதில் தேவநிந்தனை எதுவும் இல்லை. தேவன் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் காரணமில்லாமல் தண்டிக்கமாட்டார், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்பதே அவர்கள் வாதம். நம் மேடைகளில் கேட்கிற வாதம் இதுவேதான். 42ஆம் அதிகாரத்தில் தேவன் கோபம் கொண்டது யார்மேல்? தம்மோடு வழக்காடிய யோபின்மேல் அல்ல. தமக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்ட அந்த மூவர்மேல்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டுமில்லை என்றார் இயேசு. வம்சச் சாபம் என்ற பேச்சுக்கும் அதே இடத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. பாவக் கணக்கைப் பிதாக்களிடமிருந்து பிள்ளைகளுக்கு மாற்றி எழுதும் பழக்கத்தை எசேக்கியேல் 18 ஏற்கனவே கண்டித்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேள்வியை எழுப்பி, இல்லை என்று பதிலும் சொன்னார். பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார். உன் பாவத்தைப் பார் என்பதே அவர் கற்பித்தது.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய வசனத்தை இங்கே சிலர் எடுப்பார்கள். உங்களில் அநேகர் பலவீனரும் நோயாளிகளுமாய் இருப்பது இதனால்தான் என்ற பொருளில் அவர் எழுதியது உண்மை. எதனால்? திருவிருந்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதால். அதற்கு அவர் சொன்ன வழி என்ன? ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்து அறியவேண்டும் என்பது. அடுத்தவளைச் சோதிக்கும் அதிகாரத்தை அந்த நிருபம் யாருக்கும் கொடுக்கவில்லை.

3. தோற்கவே வழியில்லாத போதனையை நம்பக்கூடாது.

குணமானால் போதனை ஜெயித்தது. குணமாகாவிட்டால் நோயாளி தோற்றாள். இடையில் மூன்றாவது வழி இல்லை. ஆயிரம் பேருக்கு ஜெபித்து ஆயிரம் பேரும் இறந்தாலும் இந்தப் போதனைக்கு ஒரு கீறல் விழாது, ஏனென்றால் ஒவ்வொரு சாவுக்கும் பொறுப்பு செத்தவர்கள் பெயரில் எழுதப்பட்டுவிடும். சாட்சி நேரத்தில் மைக் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சுகமானவர், வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர். ஆறு வருஷமாக ஜெபித்தும் சுகமாகாமல், ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? அவரிடம் மைக் போனதே இல்லை. அதனால்தான் இந்தப் போதனை எப்போதும் உண்மைபோலத் தெரிகிறது.

4. சுகம்தான் விசுவாசத்தின் அளவு என்றால் பவுல் தேறமாட்டார்.

தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று மூன்று முறை வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை, கிருபை போதும் என்றே பதில் வந்தது. துரோப்பீமை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை போனான். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம், அதாவது அந்தக் காலத்துக் கைமருந்து. தீமோத்தேயுவிடம் பாவ அறிக்கை கேட்டதாக எங்கேயும் இல்லை.

நம் மண்ணிலேயே பார்க்கலாம். டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது. அந்த வீட்டில் அவருக்காக ஜெபிக்காத குழந்தை இருந்திருக்குமா? வேலூர் சிஎம்சியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது, முகத்தில் தழும்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். எழுந்து நடக்காதது அவருடைய விசுவாசக் குறைவு என்று அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று யார் சொல்வது?

5. சாபம் என்று பெயர் வைத்தவுடன் காரணம் தேடுவது நின்றுபோகிறது.

தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது, அது தெய்வ தண்டனை என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். கிறிஸ்தவர்களும் நம்பினார்கள். லேவியராகமத்தில் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வருவதாகச் சொல்லப்படும் ‘குஷ்டம்’ இந்த நோயாக இருக்க முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் கண்டது இன்னொன்று: நரம்பு மரத்து வலி தெரியாததால்தான் சுடுபாத்திரம் சுடுகிறது, புண் ஆறாமல் போகிறது, தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. வலி இல்லாததே காரணம் என்று தெரிந்த பிறகுதான் செருப்பு வடிவமைத்தார்கள், கையைப் பாதுகாக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிராண்டும் ஊழியக்காரரின் மகன்தான், முழங்கால்போட்டு ஜெபித்தவர்தான். பாவத்தைத் தேடாமல் நரம்பைத் தேடினார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதும் பாவக் கணக்குப் பேசியவர்கள் இருந்தார்கள். சுமத்ரா அருகே கடலடித் தட்டு சரிந்து, அலை இங்கே வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், சொல்ல ஓர் எச்சரிக்கை அமைப்பு இந்தியப் பெருங்கடலில் இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் அது அமைந்தது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் தேடியவர்கள் அடுத்த அலையிலிருந்து மக்களைக் காப்பாற்ற ஒரு வழி செய்தார்கள். பாவம் தேடியவர்களால் பிள்ளையை இழந்த தாய்க்கு இன்னொரு சுமைதான் கூடியது.

வீட்டுக்குள் நடப்பது இதைவிடக் கொடியது. விசுவாசத்துக்கு அடையாளமாக மாத்திரையை நிறுத்துகிறார்கள். சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரைநோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்து வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆனால் ‘கட்டு’ இருப்பதாகச் சொல்லி முன்வரிசைக்கு அழைக்கப்படுவது யார்? பெண்தான், எப்போதும் பெண்தான். மனச்சோர்வில் சாப்பிடாமல் கிடக்கும் பெண்ணைப் பிசாசு பிடித்தவள் என்று தலைமயிரைப் பற்றி உலுக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

6. அழுகை அவிசுவாசம் அல்ல.

“அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க” என்பது மரண வீட்டிலும் கேட்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஆராதனையில் பாடக் கொடுத்திருக்கிறார்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். சிலுவையில், கைவிட்டது ஏன் என்று பிதாவைக் கேட்டார். புலம்பலை அடக்கச் சொல்கிறவர்கள் அவரையும் அடக்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால், நியாயந்தீர்க்கப்பட்டவர்கள் என்ன செய்வது? சகித்துக்கொண்டு தலைகுனிவதுதான் கிறிஸ்தவப் பொறுமை என்று பதில் வரும். அன்னாள் அப்படிச் செய்யவில்லை. உதடு அசைய, சத்தம் வராமல் ஜெபித்தவளை ஆசாரியனாகிய ஏலி குடிகாரி என்றான். அவள் மரியாதையோடு, ஆனால் நேராக, இல்லை ஐயா என்றாள். துக்கத்தில் இருக்கிறேன், குடித்திருக்கவில்லை என்று விளக்கினாள். ஆலயத்தை விட்டு ஓடவில்லை, அவன் சொன்ன பெயரைச் சுமந்துகொள்ளவும் இல்லை. தன் பேச்சை மாற்றிக்கொண்டது ஏலிதான். மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் தொங்கியதைப் பார்த்தவர்கள் இவன் கொலைபாதகன் என்றார்கள். அவர் சாகவில்லை என்றதும் தேவன் என்றார்கள். பவுல் பாம்பைத் தீயில் உதறிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்தத் தீவில் நோயாய்க் கிடந்த ஒருவனுக்காக ஜெபிக்கப் போனார்.

யோபு கடைசிவரை நண்பர்களின் தீர்ப்பை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் அது பொய்யாகியிருக்கும். வழக்கை அவர்களிடமிருந்து எடுத்து நேரே தேவனிடம் கொண்டுபோனான். அக்காவிடம் நான் சொன்னது இதைத்தான். நீ செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொள்ளாதே, அது தாழ்மை ஆகாது என்றேன். கடைசி அதிகாரத்தை மெதுவாக வாசித்துக் காட்டினேன். 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு யோபிடம் போகும்படி எலிப்பாசுக்கும் நண்பர்களுக்கும் உத்தரவாகிறது. யோபு அவர்களுக்காக ஜெபிப்பான், அந்த ஜெபம் கேட்கப்படும் என்கிறார் கர்த்தர். அதிகாரத்தில் வரும் வரிசையைக் கவனிக்கவேண்டும்: நண்பர்களுக்காக அவன் ஜெபித்தபோதுதான் அவன் நிலை மாறியது. ஜெபிக்க உட்கார்ந்த நேரத்தில் அவன் இழந்தது ஒன்றும் திரும்பி வந்திருக்கவில்லை.

அக்கா அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

மறு மாதம் அதே ஐந்து பேர் வந்தார்கள். ஜெபித்து முடித்து, பைபிளை மூடி எழுந்தபோது அக்கா தலையணையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள். “உங்களுக்கு முழங்கால் வலின்னு போன தடவை சொன்னீங்களே. நான் ஜெபிக்கிறேன்.”